தலையை ஒதுக்கு, தோளைக் கொடு
வாசகர் கேள்வி பதில்: அமெரிக்கக் கால்பந்தும் ஹெல்மெட் மோதலும்

அமெரிக்கக் கால்பந்து பற்றி வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தைச் சுற்றியே இருந்தன: தலை. அதனால் இந்த முறை பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டோம். ஆட்டம் பழக்கமில்லாதவர்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டால் போதும். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுபவரை எதிரணியினர் பிடித்துத் தரையில் வீழ்த்துவதற்குப் பெயர் டேக்கிள்.

கேள்வி: தொலைக்காட்சியில் கல்லூரி ஆட்டமும் என்.எஃப்.எல். (தொழில்முறை லீக்) ஆட்டமும் பார்க்கிறேன். பார்வைக்கு ஒரே மாதிரியான இரண்டு மோதல்கள். ஒன்றுக்கு ஆட்டக்காரரை மைதானத்தை விட்டே அனுப்புகிறார்கள், மற்றதைக் கண்டுகொள்வதே இல்லை. இது என்ன கணக்கு?
(வாசகர், சென்னை)

பதில்: கல்லூரி ஆட்டத்தில் ‘டார்கெட்டிங்’ என்று அறிவிக்கப்படுவது உண்மையில் இரண்டு தனித்தனி விதிகள். பார்ப்பவர்கள் இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்வதால்தான் நடுவர் ஆளுக்கொரு நியாயம் சொல்வதுபோலத் தோன்றுகிறது.

முதல் விதி ஹெல்மெட்டின் உச்சியைப் பற்றியது. உச்சியால் யாரையும், உடம்பின் எந்த இடத்திலும் வலிந்து முட்டக் கூடாது. நெஞ்சில் முட்டினாலும் குற்றம், தொடையில் முட்டினாலும் குற்றம். முட்டப்பட்டவர் எதிரே பார்த்து ஓடிவந்தவர் என்பது சமாதானம் ஆகாது. உச்சி எது என்பதற்கும் அளவு இருக்கிறது: ஹெல்மெட்டின் மேல்முனையிலிருந்து 6 அங்குல ஆரத்துக்குள் வரும் வட்டம்.

இரண்டாவது விதி, தன்னைக் காத்துக்கொள்ள முடியாத நிலையில் இருப்பவரைப் பற்றியது. பந்தை எறிந்துகொண்டிருப்பவர், பறந்துவரும் பந்தைப் பிடிக்க அண்ணாந்து கை நீட்டியவர், உதைத்து அனுப்பிய பந்துக்காகக் காத்து நிற்பவர், ஏற்கெனவே தரையில் கிடப்பவர், பார்க்காத பக்கத்திலிருந்து மறிக்கப்படுபவர் எல்லாரும் இதில் அடங்குவார்கள். இவர்களுடைய தலையிலோ கழுத்திலோ ஹெல்மெட்டால் மட்டுமல்ல, தோளாலோ முன்கையாலோ முழங்கையாலோ குறிவைத்துத் தாக்கினாலும் டார்கெட்டிங்தான்.

இப்போது உங்கள் இரண்டு மோதல்களையும் இந்த விதிகளோடு பொருத்திப் பாருங்கள். பந்தோடு ஓடிவருபவரும் பிடிக்க வருபவரும் நிமிர்ந்தபடி முகக்கம்பியோடு முகக்கம்பி இடித்துக்கொண்டால் சத்தம் பெரிதாகக் கேட்கும், ஆனால் குற்றமில்லை. உச்சியும் படவில்லை, ஓடியவர் நிராதரவான நிலையிலும் இல்லை. அதே வேகத்தில் தலையைக் கவிழ்த்து உச்சியால் விலாவில் குத்தினால், சத்தம் குறைவாக இருந்தாலும் வெளியேற்றம்.

குறிவைத்தார் என்பதற்கு அடையாளங்களும் விதியில் உண்டு: கால் தரையை விட்டு எம்பித் தலையை நோக்கிப் பாய்வது, குந்தி எழும்பி மேல்நோக்கி இடிப்பது, முன்கையையோ ஹெல்மெட்டையோ முன்னே செலுத்தித் தலையைத் தாக்குவது, தொடுவதற்கு முன்பே தலையைத் தாழ்த்துவது. 2019 முதல், எல்லா அம்சமும் வீடியோவில் உறுதிப்பட்டால்தான் தீர்ப்பு நிற்கும். இல்லையென்றால் ரத்து. அறிவித்த பிறகு திரும்பப் பெறுவதை நீங்கள் அடிக்கடி பார்ப்பதற்குக் காரணம் இதுதான்.

தண்டனை, அணிக்கு 15 யார்டு இட இழப்பு. 2013 முதல் வெளியேற்றமும் சேர்ந்தது. அப்போது வந்த விதிப்படி, இரண்டாவது பாதியில் செய்தால் அடுத்த ஆட்டத்தின் முதல் பாதியிலும் ஆட முடியாது. என்.எஃப்.எல். 2018-இல் கொண்டுவந்த விதி வேறு மாதிரி: தலையைத் தாழ்த்தி ஹெல்மெட்டால் எதிராளியைத் தொட்டால் 15 யார்டு. பந்தோடு ஓடுபவருக்கும் இது பொருந்தும். வெளியேற்றுவது அங்கே தானாக நடப்பதில்லை, நடுவர் முடிவு செய்ய வேண்டும். பெரும்பாலும் அந்த வாரத்தில் அபராதத் தொகை வரும். எங்கள் கருத்தில் கல்லூரி முறையே மேல். பணம் கட்டுவது ஆட்டக்காரரின் பாடு. அவரை அரை ஆட்டத்துக்கு இழப்பது பயிற்சியாளரின் பாடு. பயிற்சியாளருக்கு வலித்தால்தான் பயிற்சி மாறும்.

கேள்வி: இவ்வளவு கெட்டியான ஹெல்மெட் போட்டுக்கொண்டும் கழுத்து எப்படி முறிகிறது? இன்னும் நல்ல ஹெல்மெட் செய்தால் தீராதா?
(வாசகர், எடிசன், நியூ ஜெர்சி)

பதில்: தீராது. ஹெல்மெட் மண்டையோட்டைக் காக்கிறது. கழுத்தை முறிப்பது மண்டையோட்டின் மேல் விழும் அடி அல்ல, பின்னால் வரும் உங்கள் சொந்த உடம்பின் எடை.

நிமிர்ந்து நேரே பார்க்கும்போது கழுத்தெலும்பு வரிசை முன்பக்கம் லேசாக வளைந்திருக்கும். அந்த வளைவு இருக்கும்வரை தசைகளும் எலும்புகளுக்கு நடுவே இருக்கும் ஜவ்வுகளும் அதிர்ச்சியைப் பங்குபோட்டு வாங்கிக்கொள்ளும். முகவாயை நெஞ்சை நோக்கிச் சுமார் 30 டிகிரி தாழ்த்தினால் வளைவு மறைந்து, கழுத்து நேரான தூணாகிவிடுகிறது. அந்த நிலையில் உச்சி எதன்மீதாவது முட்டினால் தலை அங்கேயே நின்றுவிடும். உடம்போ ஓடிவந்த வேகத்திலேயே வந்துகொண்டிருக்கும். இரண்டுக்கும் நடுவில் நசுங்குவது கழுத்து. எலும்பு நொறுங்கிச் சில்லு தண்டுவடத்தில் இறங்குவதற்கு ஒரு வினாடியில் மிகச் சிறு பங்கு போதும். தசையை இறுக்கிக்கொள்ளக்கூட நேரம் இருக்காது.

இதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் ஜோசப் டோர்க். நாடு முழுவதும் நடந்த கழுத்துக் காயங்களைப் பதிவேடாகத் தொகுத்து, ஆட்டப் படச்சுருள்களையும் போட்டுப் பார்த்தார். அதுவரை, தலை பின்னால் மடங்கும்போது ஹெல்மெட்டின் பின்விளிம்பு கழுத்தில் வெட்டுகிறது என்ற எண்ணம் இருந்தது. படச்சுருள்கள் வேறு காட்டின: காயம்பட்டவர்கள் தலையைக் கவிழ்த்து உச்சியால் மோதியிருந்தார்கள். 1976-இல் கல்லூரி ஆட்டத்திலும் உயர்நிலைப் பள்ளி ஆட்டத்திலும் தலையால் குத்தும் ‘ஸ்பியரிங்’ தடை செய்யப்பட்டது. அந்த ஆண்டு கைகால் நான்கும் நிரந்தரமாகச் செயலிழந்தவர்கள் 34 பேர். அடுத்த ஆண்டு 18. 1984-இல் 5. ஹெல்மெட் இந்த வேலையைச் செய்யவில்லை. கற்றுக்கொடுத்த விதம் மாறியதுதான் செய்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். தலையைத் தாழ்த்தினால் அடிபடுபவருக்கு ஆபத்து என்றே எல்லாரும் பேசுகிறார்கள். கழுத்து விஷயத்தில் முதல் ஆபத்து தாழ்த்தியவருக்கே. உங்கள் மாநிலத்திலேயே நடந்தது: ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் எரிக் லெக்ராண்ட், 2010 அக்டோபர் 16 அன்று ராணுவக் கல்லூரி அணியுடன் நடந்த ஆட்டத்தில் கிக்காஃப் பந்தை வாங்கி ஓடியவரை டேக்கிள் செய்யத் தலை தாழ்த்திப் போனார். மூன்றாவது, நான்காவது கழுத்தெலும்புகள் முறிந்து செயலிழந்தார். பிட்ஸ்பர்க் அணியின் தடுப்பாட்டக்காரர் ரயன் ஷேசியர் 2017 டிசம்பர் 4 அன்று சின்சினாட்டியில் அதேபோல் தலை தாழ்த்தி மோதி விழுந்தார். சிகிச்சைக்குப் பின் நடக்க முடிந்தது, ஆட்டத்துக்குத் திரும்ப முடியவில்லை. என்.எஃப்.எல். தன் விதியை மாற்றியது அடுத்த நான்கு மாதங்களுக்குள்.

கேள்வி: என் மகனுக்கு 13 வயது. இந்தப் பருவத்தில் டேக்கிள் அணியில் சேர்ந்திருக்கிறான். எனக்கு இந்த ஆட்டம் தெரியாது. பயிற்சியாளர் சரியாகக் கற்றுக்கொடுக்கிறாரா என்று ஓரத்தில் நின்று பார்த்து எப்படிக் கண்டுபிடிப்பது?
(வாசகி, ஃப்ரீமாண்ட், கலிஃபோர்னியா)

பதில்: தலையைப் பார்க்காதீர்கள், காலைப் பாருங்கள். ‘தலையைத் தூக்கு, தலையைத் தூக்கு’ என்று கத்துகிற பயிற்சியாளர்கள் நிறைய. கத்துவதால் மட்டும் தலை உயர்ந்துவிடாது. பையன் தலையைத் தாழ்த்துவது பெரும்பாலும் பயத்தாலோ முரட்டுத்தனத்தாலோ அல்ல. கால் தூரத்திலேயே நின்றுவிடுகிறது, அந்த இடைவெளியை உடம்பு எட்டிப்பிடிக்கப் பார்க்கிறது, எட்டும்போது இடுப்பு பின்னால் தங்கித் தலை முன்னால் விழுகிறது. கால் சரியான இடத்துக்குப் போய்விட்டால் தலை தாழ்வதற்குக் காரணமே இருக்காது.

சரியான டேக்கிள் நடக்கும் வரிசையைச் சொல்கிறோம். மைதான ஓரத்தில் இதை வைத்தே பாருங்கள்.

துரத்தும்போது கண், ஓடுபவரின் அருகுப்பக்க இடுப்பில் இருக்க வேண்டும். தலையும் தோளும் பந்தும் ஏமாற்றும், இடுப்பு போகிற பக்கம்தான் ஆள் போவான். அவனுக்கு நேர் எதிரே போய் நிற்காமல், அரை ஆள் அளவு உள்பக்கம் தள்ளியே ஓட வேண்டும். அப்போதுதான் அவனுக்குப் போக ஒரே பக்கம் மிஞ்சும், மோத வேண்டிய தோள் எது என்பதும் முன்கூட்டியே முடிவாகிவிடும்.

மூன்று யார்டு தூரம் வந்ததும் காலடி எட்டைக் குறுக்க வேண்டும். நிற்கக் கூடாது. இந்த இடத்தில்தான் பாதிப் பேர் தவறுகிறார்கள். பாதங்கள் இடுப்பகலம், முழங்கால் மடங்கி, முதுகு தட்டையாக, நெஞ்சு முழங்காலுக்கு நேர் மேலே, பாதங்கள் சின்னச் சின்ன எட்டுகளாகத் துடித்துக்கொண்டே முன்னேற வேண்டும். உயரத்தைக் குறைப்பது முழங்காலாலும் இடுப்பாலும். இடுப்பை மடக்காமல் முதுகைக் கூனினால் உச்சி முன்னால் வந்துவிடும்.

அடுத்தது கடைசி எட்டு, எல்லாவற்றிலும் முக்கியமானது. மோதப்போகும் தோள் வலது என்றால் வலது கால், இடது என்றால் இடது கால், ஓடுபவரின் பாதத்துக்குப் பக்கத்தில் போய் ஊன்ற வேண்டும். முழங்கை மடக்கிய கையால் அவனைத் தொடும் அளவுக்கு நெருக்கம். மாற்றுக்கால் முன்னால் இருந்தால் உடம்பு திருகிக்கொள்ளும், தோளுக்குப் பதில் தலை போய்ச் சேரும்.

தொடும் கணத்தில் முகவாய் நெஞ்சை விட்டு எழுந்திருக்க வேண்டும், கண் திறந்திருக்க வேண்டும். படும் இடம் தோளின் முன்பகுதியும் நெஞ்சின் மேற்பகுதியும். எதிராளியின் உடம்பில் இடுப்புக்கும் முழங்காலுக்கும் நடுவே. தலை அவனுக்குப் பின்பக்கம், அதாவது அவன் ஓடிக் கடந்துபோகும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் இருக்க வேண்டும். முன்பக்கம் வைத்தால் அவனுடைய முழங்காலும் தொடையும் நேரே தலையில் அடிக்கும். இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ‘தலையை அவன் முன்னால் போடு’, ‘நெஞ்சில் இருக்கும் எண்ணில் ஹெல்மெட்டை வை’ என்று ஒரு தலைமுறைக்கே கற்றுக்கொடுத்திருந்தார்கள். பழைய ஆட்டக்காரர்கள் பயிற்சியாளராக வரும்போது அந்த வார்த்தைகள் இன்றும் வாயில் வந்துவிடுகின்றன. உங்கள் காதில் விழுந்தால் அன்றே போய்ப் பேசுங்கள்.

பிறகு கைகள். இரண்டு கையும் தொடைகளைச் சுற்றிப் போய்ப் பின்னால் துணியைப் பிடிக்க வேண்டும், முழங்கைகள் இறுக வேண்டும். பிடித்த பிறகும் கால் நிற்கக் கூடாது. குட்டை எட்டுகள் நான்கைந்து வைத்துத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். பக்கவாட்டில் ஓடுபவன் என்றால் தொடைகளைக் கட்டிப்பிடித்தபடி தோளோடு உருண்டால் தானாக விழுவான். 2014-இல் பயிற்சியாளர் பீட் கரோல் சியாட்டில் அணிக்காக ரக்பி பாணித் தோள் டேக்கிளைப் படமாக எடுத்து வெளியிட்ட பிறகு இந்த உருளல் பள்ளி மட்டம் வரை பரவியது.

இப்போது பயிற்சியின் ஒழுங்கு. முதல் நாளே பையன்களை ஆளுக்கு ஆள் ஓடவிட்டு மோதவிடுகிற இடத்தில் உங்கள் மகன் இருக்க வேண்டாம். யுஎஸ்ஏ ஃபுட்பால் அமைப்பு வகுத்த ஐந்து படிகள் உண்டு: எதிராளே இல்லாமல் அசைவு மட்டும், அடுத்து மெத்தைப் பையோடு, அடுத்து ஆளோடு கட்டுப்படுத்திய வேகத்தில், அடுத்து முழு வேகத்தில் தோள் பட்டதும் நிறுத்தம், கடைசியாகத்தான் தரையில் வீழ்த்துவது. பெரும்பகுதி நேரம் முதல் நான்கிலேயே கழிய வேண்டும். புதிதாகச் சேர்ந்தவனை முழங்காலில் நிற்கவைத்து, ஒரு கை தூரத்தில் மெத்தையைக் கொடுத்து, தலையின் இடமும் கையின் இடமும் பதியும்வரை அதையே செய்யவைப்பது நல்ல பயிற்சியாளருக்கு அடையாளம். இரண்டு பேரைப் பத்துப் பதினைந்து யார்டு தள்ளி நிறுத்தி நேருக்கு நேர் ஓடவிடுவது மோசமான பயிற்சி. ஆட்டத்தில் அப்படி ஒரு நிலைமை அபூர்வம், கற்றுக்கொள்ள அதில் எதுவும் இல்லை.

உங்கள் மாநிலச் சட்டமும் துணையாக இருக்கிறது. கலிஃபோர்னியாவில் சிறுவர் அணிகள் முழு மோதல் பயிற்சியை வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல், நாளுக்கு 30 நிமிடத்துக்கு மேல் நடத்தக் கூடாது. உயர்நிலைப் பள்ளிக்கு வாரம் இரண்டு முறை, ஒவ்வொன்றும் 90 நிமிடத்துக்குள். பருவம் இல்லாத மாதங்களில் இரண்டு பிரிவுக்கும் முழு மோதலே கூடாது. இந்த எண்களைச் சொல்லிக் கேளுங்கள். பதில் தயங்காமல் வர வேண்டும்.

குறைத்தால் அணி பலவீனப்படும் என்று யாராவது சொன்னால் டார்ட்மத் கல்லூரியைச் சொல்லுங்கள். அதன் பயிற்சியாளர் பட்டி டீவன்ஸ் 2010-இல் பயிற்சியில் ஆளை ஆள் வீழ்த்துவதையே நிறுத்தினார். மெத்தைகளும், பிறகு பொறியியல் மாணவர்கள் செய்த ஓடும் இயந்திரப் பொம்மையும்தான் அவர்களுடைய எதிராளிகள். 2015-இல் ஐவி லீக் பட்டத்தை அந்த அணி பகிர்ந்துகொண்டது. 2016-இல் அந்த லீக் முழுவதும் பருவகாலப் பயிற்சிகளில் முழு மோதலைக் கைவிட்டது.

கேள்வி: பள்ளியில் கொடுத்த ஹெல்மெட் மகனுக்குக் கொஞ்சம் லூசாக இருக்கிறது. ‘போகப் போகச் சரியாகிவிடும்’ என்கிறார்கள். சரியா?
(வாசகர், ஃப்ரிஸ்கோ, டெக்சாஸ்)

பதில்: சரியில்லை. போகப் போக மெத்தை அமுங்கி இன்னும்தான் லூசாகும்.

புருவத்துக்கு ஓர் அங்குலம் மேலே அளவுநாடாவைச் சுற்றித் தலையை அளந்து, அந்தக் கம்பெனியின் அளவுப் பட்டியலில் பாருங்கள். விளையாடும்போது முடி எப்படி இருக்குமோ அப்படியே வைத்து அளக்க வேண்டும். மாட்டிய பிறகு ஹெல்மெட்டின் முன்விளிம்பு புருவத்துக்கு ஓர் அங்குலம் மேலே, ஏறக்குறைய இரண்டு விரற்கடை, நிற்க வேண்டும். காதுத் துளை காதுக்கு நேராக வர வேண்டும். தாடை மெத்தைகள் இரண்டு கன்னத்தையும் தொட வேண்டும். முகவாய்ப் பட்டையின் நாலு பொத்தானும் போட்டு, கோப்பை முகவாயின் நடுவில் இருக்க வேண்டும்.

பிறகு முகக்கம்பியைப் பிடித்து இடமும் வலமும் மேலும் கீழும் ஆட்டுங்கள். நெற்றித் தோல் ஹெல்மெட்டோடு சேர்ந்து நகர வேண்டும். தோல் நின்று ஹெல்மெட் மட்டும் வழுக்கினால் அளவு பெரிது. உச்சியில் இரண்டு கையால் அமுக்கினால் அழுத்தம் உச்சியில் தெரிய வேண்டும், நெற்றியில் அல்ல.

காற்று அடைக்கும் மெத்தை உள்ளது என்றால் வாரம் ஒருமுறை பாருங்கள். குளிரில் காற்று சுருங்கும். உள்ளே ஒட்டியிருக்கும் சீட்டில் தயாரித்த ஆண்டும் கடைசியாகப் புதுப்பித்துச் சோதித்த ஆண்டும் இருக்கும். 10 ஆண்டைத் தாண்டியதைப் புதுப்பிக்க எடுத்துக்கொள்ள மாட்டார்கள், அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஓட்டில் கீறல்விரிசல் இருந்தாலும் அப்படியே. வெளியே ஸ்ப்ரே பெயிண்ட், தின்னர், விருப்பப்பட்ட ஸ்டிக்கர் எதுவும் வேண்டாம், பிளாஸ்டிக்கைக் கெடுப்பவை உண்டு. ஹெல்மெட்டில் ஒட்டியிருக்கும் எச்சரிக்கைச் சீட்டில் இன்னொன்றும் எழுதியிருக்கும்: இந்த ஹெல்மெட்டால் எதிராளியை முட்டாதே, குத்தாதே என்று. மகனை ஒருமுறை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ஹெல்மெட்டுக்கு மேலே மாட்டும் மெத்தைத் தொப்பி வாங்கித் தரலாமா?
(வாசகி, ஆஸ்டின், டெக்சாஸ்)

பதில்: வாங்கலாம். கார்டியன் கேப் எனப்படும் அதை என்.எஃப்.எல். 2022-இல் பயிற்சி முகாமில் சில இடத்து ஆட்டக்காரர்களுக்குக் கட்டாயமாக்கியது. 2024 முதல் விரும்பினால் ஆட்டத்திலும் போடலாம். அடியின் உறைப்பைக் குறைக்கும். கழுத்துக்கு எதுவும் செய்யாது. அதைப் போட்ட தைரியத்தில் தலையை முன்னால் கொடுத்தால் முன்பைவிட மோசம்.

கேள்வி: மோதலுக்குப் பிறகு பையன் ‘ஒன்றுமில்லை’ என்கிறான். மயக்கமும் வரவில்லை. கன்கஷனா இல்லையா என்று எப்படித் தெரியும்? எப்போது மறுபடி ஆடலாம்?
(வாசகர், சான் ஹோசே, கலிஃபோர்னியா)

பதில்: கன்கஷன் (அடியின் அதிர்வால் மூளைக்கு நேரும் காயம்) வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் நினைவிழப்பதில்லை. ஆகவே ‘மயக்கம் வரவில்லை’ என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். எழும்போது தள்ளாடுவது, தலையை உதறிக்கொள்வது, தவறான இடத்தில் போய் நிற்பது, கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்பது, வெளிச்சம் கூசுவது, தலைவலி, குமட்டல், ‘ஏதோ மூடுபனிக்குள் இருக்கிறமாதிரி’ என்று சொல்வது, காரணமில்லாத எரிச்சல். இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. சில அறிகுறிகள் பல மணிநேரம் கழித்தும் வரும், அதனால் இரவு வரை கவனியுங்கள்.

உடனே அவசர சிகிச்சைக்கு ஓட வேண்டியவை வேறு: ஒரு கண்மணி மற்றதைவிடப் பெரிதாவது, திரும்பத் திரும்ப வாந்தி, தலைவலி ஏறிக்கொண்டே போவது, பேச்சுக் குழறுவது, கைகால் மரத்துப்போவது, வலிப்பு, எழுப்பினால் எழாத தூக்கம்.

அன்றே திரும்ப ஆடவிடுவதுதான் பெரிய தவறு. வாஷிங்டன் மாநிலத்தில் 2006-இல் 13 வயது சாக்கரி லிஸ்டெட் அடிபட்ட பிறகு அதே ஆட்டத்தில் மறுபடி இறங்கினான். மூளையில் ரத்தம் கசிந்து, உயிர் தப்பினாலும் வாழ்நாள் முழுதும் தீராத பாதிப்பு. அவன் பெயரில் 2009-இல் வந்த சட்டத்தைப் பின்பற்றி இன்று எல்லா மாநிலத்திலும் சட்டம் இருக்கிறது. சந்தேகம் வந்தாலே வெளியே எடுக்க வேண்டும், மருத்துவர் எழுதிக்கொடுக்காமல் உள்ளே விடக் கூடாது.

முதல் இரண்டு நாள் ஓய்வு, திரை பார்ப்பதைக் குறைப்பது. இருட்டறையில் பூட்டிவைக்கத் தேவையில்லை, மெல்ல நடக்கலாம். பள்ளிக்கு ஒழுங்காகப் போய்வர முடிந்த பிறகுதான் விளையாட்டுப் பேச்சு. பின் லேசான சைக்கிள் ஓட்டம், அடுத்து ஓட்டமும் எடைப்பயிற்சியும், அடுத்து மோதல் இல்லாத ஆட்டப் பயிற்சி, அடுத்து முழுப் பயிற்சி, கடைசியில் ஆட்டம். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணிநேரம். அறிகுறி திரும்பினால் நிறுத்தி, ஒரு படி கீழே இறங்க வேண்டும். உங்கள் மாநிலத்தில் இந்தப் படிகள் 7 நாளுக்குக் குறையக் கூடாது. 7 என்பது குறைந்தபட்சம், இலக்கு அல்ல. சிறுவர்களுக்கு மூன்று நான்கு வாரம் ஆவது சாதாரணம்.

கேள்வி: என் மகன் இங்கே பாடசாலை அணியில் றக்பி விளையாடுகிறான். அவர்கள் ஹெல்மெட் போடுவதில்லை, அதனால் தலையைக் கொண்டுபோய் முட்டுவதும் இல்லை. அமெரிக்கர்களும் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டால் பிரச்சினை தீருமா?
(வாசகர், கொழும்பு)

பதில்: நீங்கள் சொல்வதில் பாதி சரி. கவசம் இருக்கிறது என்ற நினைப்பு தலையை முன்னே கொண்டுபோகிறது. 1950-களில் முகக்கம்பி வந்து மூக்கும் பல்லும் பத்திரமான பிறகுதான் தலையால் மோதும் பழக்கம் பரவியது. நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்தில் எரிக் ஸ்வார்ட்ஸ் இதையே பயிற்சியாக மாற்றினார். வாரத்தில் சில நிமிடம் மட்டும் ஹெல்மெட்டையும் தோள்கவசத்தையும் கழற்றிவைத்துவிட்டு, மெத்தைப் பையில் டேக்கிள் பழகுவது. தலை தானாக ஒதுங்கக் கற்றுக்கொண்டது. 2015-இல் வெளியான முடிவுப்படி, அப்படிப் பழகியவர்கள் ஒரு பருவத்தில் தலையில் வாங்கிய அடிகள் கால் பங்குக்கு மேல் குறைந்தன.

ஆட்டத்திலேயே கழற்றுவது வேறு விஷயம். இந்த ஆட்டத்தில் முன்வரிசை ஆட்கள் ஒவ்வொரு முறையும் ஒரு கை தூரத்தில் நின்று மோதிக்கொள்கிறார்கள், பந்தில்லாதவரையும் மறிக்கலாம். ஹெல்மெட் கட்டாயமாவதற்கு வெகு முன்பு, 1905 பருவத்தில், நேர்ந்த மரணங்களால் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டே கல்லூரிகளை அழைத்துப் பேச வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு விதிகள் மாறின, பந்தை முன்னோக்கி எறிவதும் அப்போதுதான் அனுமதிக்கப்பட்டது. ரக்பியிலும் கன்கஷன் குறைவில்லை. இங்கிலாந்தில் 2023 முதல் சமூக மட்டத்து ரக்பியில் நெஞ்செலும்பின் அடிக்குக் கீழேதான் டேக்கிள் செய்ய வேண்டும். இரண்டு ஆட்டமும் ஒன்றிடமிருந்து மற்றது கற்றுக்கொண்டிருக்கிறது.

கேள்வி: ‘ஹிப்-டிராப்’ டேக்கிளை ஏன் தடை செய்தார்கள்? அதில் தலையே படாதே?
(வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: தலை படாது, கணுக்கால் போகும். பின்னாலிருந்து பிடித்தவர் உடம்பைத் திருப்பி, இடுப்பைக் காற்றில் விட்டு, முழு எடையோடு ஓடுபவரின் முழங்காலுக்குக் கீழே விழுவது. கால் அடியில் மாட்டிக்கொள்ளும். 2023 நவம்பரில் பால்டிமோரின் மார்க் ஆண்ட்ரூஸ் இப்படித்தான் காயப்பட்டார். 2024 மார்ச்சில் என்.எஃப்.எல். தடை செய்தது, 15 யார்டு. தப்பிக்கும் வழி மேலே சொன்னதுதான்: பிடித்த பிறகும் கால் ஓட வேண்டும், எடையைத் தொங்கவிடக் கூடாது.

கேள்வி: மைதானத்தில் பிள்ளை விழுந்து அசையாமல் கிடந்தால் பெற்றோர் என்ன செய்ய வேண்டும்?
(வாசகி, ராலே, வட கரோலினா)

பதில்: தூக்கக் கூடாது, உட்காரவைக்கக் கூடாது, ஹெல்மெட்டைக் கழற்றக் கூடாது. தோள்கவசம் முதுகை உயர்த்தி வைத்திருக்கிறது. ஹெல்மெட்டை மட்டும் உருவினால் தலை பின்னால் சரியும், உடைந்த எலும்பு அசைய அதுவே போதும். மூச்சு பார்க்க வேண்டுமானால் பயிற்சி பெற்றவர் முகக்கம்பியை மட்டும் கருவியால் வெட்டியோ கழற்றியோ எடுப்பார். கழற்றியே ஆக வேண்டுமென்றால் ஹெல்மெட்டும் தோள்கவசமும் சேர்த்து, பழகிய பலர் கூடி எடுப்பார்கள். கை கொடுத்துத் தூக்கிவிட ஓடிவரும் சக ஆட்டக்காரர்களைத் தடுப்பது உங்களால் முடிந்த பெரிய உதவி.

பருவம் தொடங்கும் முன்பே கேட்டு வையுங்கள்: 911-ஐ யார் அழைப்பார், ஆம்புலன்ஸ் எந்த வாசலில் நுழையும், அந்த வாசல் சாவி யாரிடம், நின்ற இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் ஏஇடி இயந்திரம் எங்கே. கடைசிக் கேள்வி சம்பிரதாயம் அல்ல. 2023 ஜனவரி 2 அன்று பஃபலோ அணியின் டமார் ஹாம்லின் ஒரு டேக்கிளில் நெஞ்சில் அடிவாங்கி எழுந்து நின்று, அப்படியே சரிந்தார். இதயம் நின்றிருந்தது. மைதானத்திலேயே நெஞ்சை அமுக்கி, மின் அதிர்ச்சி கொடுத்துத்தான் பிழைத்தார்.

கேள்வி: என் மகனுக்கு 8 வயது. நண்பர்கள் எல்லாரும் டேக்கிள் லீக்கில் சேர்கிறார்கள். சேர்க்கலாமா?
(வாசகி, அட்லாண்டா, ஜார்ஜியா)

பதில்: இப்போது வேண்டாம், 14 வரை பொறுங்கள் என்பதுதான் எங்கள் ஆலோசனை. எட்டு வயதில் தலை பெரிது, கழுத்துத் தசை மெல்லியது, அதன்மேல் ஹெல்மெட் எடை வேறு. சின்ன மோதலுக்கும் தலை பொம்மைபோல ஆடும்.

சி.டி.இ. என்ற மூளைச் சிதைவு நோயைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பாஸ்டன் பல்கலைக்கழகம் 2023-இல் அறிவித்தபடி, சோதித்த 376 முன்னாள் என்.எஃப்.எல். ஆட்டக்காரர்களின் மூளைகளில் 345-இல் அது இருந்தது. சந்தேகம் இருந்த குடும்பங்களே பெரும்பாலும் மூளையைத் தானமாகத் தருவதால், ஆடுகிற எல்லாருக்கும் இதே விகிதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் அதே குழு 2019-இல் சொன்ன இன்னொரு முடிவு பெற்றோருக்கு நேரடியாகப் பயன்படும்: டேக்கிள் ஆடும் ஒவ்வோர் ஆண்டுக்கும் அந்நோயின் வாய்ப்பு சுமார் 30 விழுக்காடு கூடுகிறது. கன்கஷன் எண்ணிக்கையைவிட, வெளியே தெரியாத சிறு அடிகள் ஆண்டுக்கணக்கில் சேர்வதே காரணமாகத் தெரிகிறது. அப்படியானால் ஆறு ஆண்டு தள்ளிப்போடுவது பெரிய விஷயம்.

அதுவரை ஃப்ளாக் ஃபுட்பால் ஆடட்டும். இடுப்புப் பட்டையில் தொங்கும் துணிக்கொடியை உருவினால் டேக்கிள் செய்ததாகக் கணக்கு. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் ஐந்து பேர் ஆட்டமாக அது இடம்பெறுகிறது. கொடி இடுப்பில் இருப்பதால் பையனின் கண் தானாக இடுப்புக்குப் போகும். எட்டைக் குறுக்கி, முழங்காலை மடக்கி, கால் பக்கத்தில் போய்ச் சேர்ந்தால்தான் கை கொடியை எட்டும். லீக்கில் சேர்க்கும்போது, கொடியைப் பிடிக்கத் தரையில் பாய்வதைத் தடுக்கிறார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். வாய்க்காப்பு இதற்கும் வேண்டும்.